வெளிமூச்சின் கணக்கு

ஈதர் 34.6 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் கிழக்குக் கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தில் சித்திரை, வைகாசிப் பகல்கள் அந்த வெப்பத்தை எளிதாகத் தாண்டிவிடும். குளிரூட்டாத அறையில் அந்த மாதங்களில் ஈதர் புட்டியைத் திறந்தால் மருந்து மளமளவென்று ஆவியாகி வெளியேறும். மார்கழி விடியலில் அதே புட்டி அவ்வளவு அவசரப்படாது. கம்பிக் கூட்டின் மேல் துணியைப் போர்த்தி, நோயாளியின் மூக்கின்மீது கவிழ்த்து, சொட்டுச் சொட்டாக ஈதரை ஊற்றிய காலத்தில், உள்ளே போன மருந்தின் அளவில் மருத்துவரின் கைக்கு எவ்வளவு பங்கு இருந்ததோ அவ்வளவு பங்கு பருவநிலைக்கும் இருந்தது. இதை முதலில் கவனித்துக் கணக்குப் போட்டவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. ஈதர் மயக்கம் உலகுக்கு அறிமுகமான மறு ஆண்டே, 1847-இல், எந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு ஈதர் ஆவியைத் தாங்கும் என்று அட்டவணை போட்டார். நீர்த்தொட்டிக்குள் அமரும் கருவி ஒன்றைச் செய்து ஆவியின் செறிவைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். மயக்கத்தின் ஆழத்தை ஐந்து படிகளாகப் பிரித்தும் எழுதினார். மருந்தின் அளவு ஒன்று, அது உடலில் செய்யும் வேலை ஒன்று, இரண்டையும் தனித்தனியே அளந்து பிறகு பொருத்திப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடமே தொடங்குகிறது. இந்த அத்தியாயம் அந்த எண்ணத்தின் இன்றைய நிலையைப் பற்றியது. மூச்சுவழி மயக்க மருந்தைப் பொறுத்தவரை அளவையும் விளைவையும் இணைக்கும் சங்கிலியில் நோயாளியின் வயது ஒரு முக்கியக் கண்ணி. அதை விட்டுவிட்டுப் படிக்கும் எண் பாதி எண்தான் என்பதே நான் இங்கே நிறுவ முயல்வது.

அளவைப் பார்க்காமல் விளைவை மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. குளோரோஃபார்ம் 61 டிகிரியில்தான் கொதிக்கும், எளிதில் தீப்பற்றாது. வெப்ப நாடுகளில் ஈதரைவிட அதை விரும்பியதற்கு இவையும் காரணங்கள். ஆனால் அவ்வப்போது நோயாளிகள் மேசையிலேயே இறந்தார்கள். மூச்சு நின்று இறக்கிறார்களா, இதயம் நின்று இறக்கிறார்களா என்ற சண்டை ஐரோப்பா முழுவதும் நடந்தது. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் மூச்சைக் கவனித்தால் போதும் என்று உறுதியாக நம்பினார். நிஜாம் அரசின் செலவில் 1888-இல் ஓர் ஆணையமும், 1889-இல் லண்டனிலிருந்து வந்த லாடர் பிரண்டனோடு இரண்டாவது ஆணையமும் விலங்குகளில் ஏராளமான சோதனைகளை நடத்தி, லாரி சொன்னதே சரி என்று அறிவித்தன. அவர்கள் உழைப்பில் குறையில்லை. எவ்வளவு செறிவான ஆவி எவ்வளவு நேரம் உள்ளே போனது என்ற கணக்கில்தான் குறை. 1911-இல் குட்மன் லெவி, மயக்கம் இலேசாக இருக்கும்போதுதான் குளோரோஃபார்ம் இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கவைத்து நிறுத்துகிறது என்று பூனைகளில் காட்டினார். அதிக மருந்துக்கு மூச்சு நிற்கிறது, குறைந்த மருந்துக்கு இதயம் நிற்கிறது. இரு தரப்பும் வெவ்வேறு அளவுகளில் நடந்ததைப் பார்த்துக்கொண்டு ஒரே விஷயத்தைப் பற்றி வாதாடுவதாக நினைத்திருந்தார்கள்.

அடுத்த அரை நூற்றாண்டு விளைவைப் படிக்கும் கலை வளர்ந்த காலம். அமெரிக்கரான ஆர்தர் கெடல் ஈதர் மயக்கத்தின் நிலைகளை ஒரு படமாக வரைந்தார். கண்மணியின் அளவு, விழியின் அசைவு, மூச்சின் போக்கு, தசையின் தளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்து நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். ஈதருக்கு அது அருமையாகப் பொருந்தியது. 1942 ஜனவரியில் மான்ட்ரியலில் ஹரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் அறுவை நோயாளிக்கு கியூராரே என்ற தசைத் தளர்த்தியைக் கொடுத்தார்கள். அந்தப் படத்தின் பெரும்பகுதி அன்றோடு பயனற்றுப்போனது. தசைத் தளர்த்தி வந்தபின் நோயாளி அசையமாட்டார், மூச்சு இயந்திரத்தின் கையில், விழி நகராது. விழித்திருப்பவரும் ஆழ்ந்து மயங்கியவரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே கிடப்பார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-இல் வெளியான ஐந்தாவது தேசியத் தணிக்கையில், அறுவையின்போது விழிப்பு வந்ததாக நோயாளிகளே சொன்னது சுமார் 19,000 மயக்கங்களுக்கு ஒன்று. தசைத் தளர்த்தி கொடுத்தவர்களை மட்டும் எடுத்தால் 8,000-க்கு ஒன்று. கொடுக்காதவர்களில் 1,36,000-க்கு ஒன்று. அசைய முடிந்தவர் தன் விழிப்பை அசைவால் தெரிவித்துவிடுகிறார். அசைய முடியாதவருக்காக வேறொன்று பேச வேண்டியிருக்கிறது.

அந்த வேறொன்று 1960-களில் கிடைத்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் எட்மண்ட் ஈகரும் அவருடைய சகாக்களும், நுரையீரலின் காற்றறைகளில் மருந்தின் செறிவை அளந்து, எந்தச் செறிவில் பாதிப் பேர் தோல் கீறலுக்கு அசையாமல் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 1963-இல் நாய்களில் தொடங்கி, 1965-க்குள் மனிதருக்கும் வரையறுக்கப்பட்ட அந்த அளவைத்தான் மயக்க மருத்துவர்கள் இன்று ‘மேக்’ (காற்றறையின் குறைந்தபட்சச் செறிவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்கிறார்கள். ஈதருக்குப் பின் வந்த மூச்சுவழி மருந்துகளில், நடுவயதினருக்கு ஹாலோதேனில் 0.75 விழுக்காடு, ஐசோஃப்ளூரேனில் 1.17, செவோஃப்ளூரேனில் 1.8, டெஸ்ஃப்ளூரேனில் 6.6 ஒரு மேக். சிரிப்பூட்டும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடில் 104 விழுக்காடு, அதாவது தூய வாயுவைக் கொடுத்தாலும் சாதாரணக் காற்றழுத்தத்தில் அது தனியாக ஒரு மேக்கை எட்டாது. ஆனால் இந்த அளவுகள் கூட்டிக்கொள்ளக்கூடியவை: ஒரு மருந்தில் அரை மேக், இன்னொன்றில் அரை மேக் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மேக் ஆகும். வெவ்வேறு மருந்துகளை ஒரே கோலில் அளக்க வழி பிறந்தது இப்படித்தான்.

ஏன் காற்றறையை அளக்க வேண்டும், மூளையை அல்லவா அளக்க வேண்டும்? மூளைக்குள் கருவி வைக்க முடியாது. வைக்கத் தேவையும் இல்லை. அடியில் குழாயால் இணைத்த தொட்டிகளில் சற்று நேரத்தில் நீர்மட்டம் சமமாகிவிடுவதைப் போல, காற்றறை, இரத்தம், மூளை மூன்றிலும் மருந்தின் பகுதி அழுத்தம் பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஏறத்தாழ சமநிலைக்கு வந்துவிடும். மூச்சை வெளிவிடும்போது கடைசியாக வரும் காற்று காற்றறையிலிருந்து வருவது. அதை அகச்சிவப்புக் கதிரின் வழியே செலுத்தி, எவ்வளவு கதிர் உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் மருந்தின் செறிவு தெரிந்துவிடும். மருந்தை ஆவியாக்கிக் கலக்கும் வேப்பரைசரின் திருகில் வைத்த எண் இதற்கு ஈடாகாது. வாயு ஓட்டத்தைக் குறைத்து மருந்தை மிச்சப்படுத்தும் முறையில், திருகில் 2 இருக்கும். நோயாளியின் வெளிமூச்சில் 1.2 மட்டுமே இருக்கக்கூடும். மீதி இரத்தத்துக்கும் தசைக்கும் குழாய்க்கும் போய்க்கொண்டிருக்கும். விழுக்காடு என்பதும் கடல்மட்டத்துக்கான எளிய பேச்சு. உண்மையில் வேலை செய்வது பகுதி அழுத்தம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, அங்கே 1.8 விழுக்காடு செவோஃப்ளூரேன் கீழே சமவெளியில் செய்யும் வேலையைச் செய்யாது. கோழிகளுக்குப் பேர்போன நாமக்கல்லின் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இன்னொரு சிக்கல். பறவைகளுக்குக் காற்றறைகளே கிடையாது, காற்று ஒருவழியாக நுண்குழாய்களின் ஊடே ஓடுகிறது. அதனால் பறவை மயக்கத்தில் காற்றறைச் செறிவு என்ற சொல்லையே தவிர்த்து, மயக்கத்துக்கான குறைந்த செறிவு என்று வரையறுக்க வேண்டியிருந்தது.

இனி வயது. 1969-இல் ஜார்ஜ் கிரெகரியும் ஈகரும் மன்சனும் ஹாலோதேனின் மேக்கை வெவ்வேறு வயதினரில் அளந்தார்கள். கைக்குழந்தைகளுக்கு 1.08 விழுக்காடு தேவைப்பட்டது. முதுமையின் கோடியில் இருந்தவர்களுக்கு 0.64 போதுமானதாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு புது மருந்து வந்தபோதும் இதே சரிவு தென்பட்டது. 1996-இல் கார்டிஃபைச் சேர்ந்த இயற்பியலாளர் வில்லியம் மேப்பிள்சன் அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி ஆராய்ந்தார். ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும், எல்லா மருந்துகளுக்கும், பத்து ஆண்டுக்குச் சுமார் 6 விழுக்காடு என்ற ஒரே வேகத்தில் மேக் குறைகிறது என்பது அவர் கண்டது. 40 வயதின் அளவை அடிப்படையாக வைத்தால், ஒரு வயதில் அது 27 விழுக்காடு கூடுதல், 80 வயதில் 22 விழுக்காடு குறைவு. இந்தச் சரிவு எல்லா மருந்துக்கும் ஒன்றாக இருப்பதுதான் எனக்கு மிக அழுத்தமான சான்றாகப் படுகிறது. ஹாலோதேனும் டெஸ்ஃப்ளூரேனும் வீரியத்தில் ஒன்பது மடங்கு வேறுபட்டவை; கொழுப்பில் கரைவதிலும் இரத்தத்தில் கரைவதிலும் பெரிய வித்தியாசம். இருந்தும் இரண்டும் வயதோடு ஒரே வேகத்தில் இறங்குகின்றன என்றால், மாறுவது மருந்து உடலில் பரவும் விதம் அல்ல, நரம்பு மண்டலமே. அந்த மாற்றத்தின் உள்விவரம் இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் அது நடக்கிறது என்பதில் ஐயமில்லை.

எண்களில் வைத்துப் பார்க்கலாம். விசைத்தறியில் வேலை பார்க்கும் 22 வயது இளைஞருக்குக் குடல்வால் அறுவை; 78 வயது மூதாட்டிக்குப் பித்தப்பை அறுவை. பள்ளிபாளையம், ஈரோடு, திருச்செங்கோடு வட்டாரத்தின் எந்த மருத்துவமனையிலும் ஒரே காலைப்பொழுதில் வரக்கூடிய இரண்டு நோயாளிகள் இவர்கள். இருவரின் வெளிமூச்சிலும் செவோஃப்ளூரேன் 1.8 விழுக்காடு. வயதைச் சேர்க்காத மானிட்டர் இருவருக்கும் 1.0 மேக் என்று காட்டும். மேப்பிள்சனின் சூத்திரத்தைப் போட்டால் இளைஞருக்கு ஒரு மேக் 2.0 விழுக்காடு, மூதாட்டிக்கு 1.4. அப்படியானால் இளைஞரிடம் இருப்பது 0.9, மூதாட்டியிடம் இருப்பது 1.27. தியேட்டர் வாசலில் குடும்பத்தார் கேட்கும் இரண்டு கேள்விகள் உண்டு: இளையவருக்கு, ‘நடுவுல முழிச்சுக்க மாட்டாருங்களே?’, முதியவருக்கு, ‘மயக்கம் தாங்குவாங்களா?’ வயதைச் சேர்க்காத அளவு இந்த இரண்டு அச்சங்களும் சுட்டும் திசையிலேயே தவறுகிறது. இளையவருக்கு இருப்பதைவிட ஆழமாகவும், முதியவருக்கு இருப்பதைவிட மேலோட்டமாகவும் அது காட்டுகிறது. பாதுகாப்பு எல்லை என்று வழக்கமாகச் சொல்லப்படும் 0.7 முதல் 1.3 வரையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வயது சேர்க்காத 0.7-இல் நிற்கும் இளைஞர் உண்மையில் 0.63-இல் நிற்கிறார். வயது சேர்க்காத 1.3-இல் இருக்கும் மூதாட்டி 1.6-ஐத் தாண்டிவிட்டார், கீறலுக்கு இதயமும் இரத்தக் குழாய்களும் காட்டும் எதிர்வினைகூட அடங்கிப்போகும் ஆழம் அது. இரத்த அழுத்தம் சரிவதற்கு அங்கே வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வயதைச் சேர்த்தே மேக்கைப் படிக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வரும் எதிர்ப்புகளில் கனமானது இது: மேக் என்பது அசைவைப் பற்றிய அளவு, நினைவைப் பற்றியது அல்ல. இந்த எதிர்ப்பு முற்றிலும் உண்மை. 1993-இல் கலிஃபோர்னியாவில் ஜோசஃப் ஆன்டோனினி குழுவினர் ஆடுகளின் மூளைக்கும் உடலுக்கும் இரத்த ஓட்டத்தைப் பிரித்து, ஐசோஃப்ளூரேனை மூளைக்கு மட்டும் செலுத்தினார்கள். அசைவை அடக்க வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தேவைப்பட்டது. அதே ஆண்டு ஐரா ராம்பில் எலிகளின் முன்மூளையை நீக்கிவிட்டு அளந்தார். மேக் மாறவே இல்லை. ஆக, அசைவை அடக்குவது முக்கியமாகத் தண்டுவடத்தில் நடக்கிறது. மானிட்டரில் 1.0 என்று பார்ப்பவர் தண்டுவடத்தின் நிலையைப் படிக்கிறார். மனத்தின் நிலையை அதிலிருந்து ஊகிக்கிறார். ஆனால் அந்த ஊகத்துக்கு அடிப்படை இருக்கிறது. கூப்பிட்ட குரலுக்குப் பாதிப் பேர் பதில் சொல்லாமல் போகும் செறிவையும் தனியாக அளந்திருக்கிறார்கள். ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் மூன்றிலும் அது மேக்கின் மூன்றில் ஒரு பங்கு அளவே. 2001-இல் ஈகர் காட்டியபடி இந்தச் செறிவும் வயதோடு அதே வேகத்தில் குறைகிறது. நினைவு மறையும் எல்லை 0.34 என்றால், 0.7 என்ற கீழ்வரம்பு அதைப்போல் இரு மடங்கு. வயதோடு இரண்டு எல்லைகளும் சேர்ந்தே இறங்குவதால், வயதுக்கேற்பத் திருத்திய 0.7 எந்த வயதிலும் இந்த இடைவெளியைக் காக்கிறது. திருத்தாத 0.7 காக்காது. தண்டுவடத்தைப் பற்றிய எதிர்ப்பு மேக்கை எச்சரிக்கையோடு படிக்கச் சொல்கிறது. வயதுத் திருத்தத்தை அது தள்ளுபடி செய்யவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு, மேக் பாதிப் பேருக்கான சராசரி, என் எதிரில் படுத்திருப்பவர் சராசரி மனிதர் அல்லவே என்பது. ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டுதான். உடல் குளிர்ந்தால் மேக் குறையும், கர்ப்பத்தில் குறையும், ஓபியாய்டு வலிமருந்து கொடுத்தால் நன்றாகவே குறையும். நெடுநாள் மது அருந்தியவருக்குக் கூடும். ஆயினும் மருந்தியலில் இவ்வளவு குறுகிய பரவல் உள்ள அளவுகள் குறைவு. ஒரே வயதினரிடையே திட்ட விலக்கம் 10 விழுக்காட்டை ஒட்டியது, 1.3 மேக்கில் 95 விழுக்காட்டினர் அசைவதில்லை. பாதிப் பேருக்கான எல்லைக்கும் ஏறக்குறைய எல்லாருக்குமான எல்லைக்கும் இடையே இவ்வளவு சிறிய தூரம்தான். அதே அளவுக்கான மாற்றத்தை 22 வயதுக்கும் 78 வயதுக்கும் இடையில் வயது மட்டுமே கொண்டுவந்துவிடுகிறது. ஆளுக்கு ஆள் மாறும் பகுதியை முன்கூட்டி அறிய முடியாது. வயதால் மாறும் பகுதியை நோயாளியின் பெயரோடு சேர்த்தே அறிந்துவிடுகிறோம். அதை ஏன் கைவிட வேண்டும்?

மூன்றாவது, மூளையை நேரடியாகக் கேட்கும் கருவி இருக்கும்போது வெளிமூச்சு எதற்கு என்பது. நெற்றியில் ஒட்டிய மின்வாய்களின் வழியே மூளையலைகளைப் பிடித்து 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகத் தரும் பிஸ் என்ற கருவியும் அதன் ஒட்டும் பட்டைகளும் விலை அதிகம். பட்டையை ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்ற வேண்டும். செலவுக்கேற்ற பயன் இருந்தால் அதைக் குறை சொல்ல இடமில்லை. செயின்ட் லூயிஸில் மைக்கேல் அவிடன் குழுவினர் 2008-இல் இரண்டாயிரம் பேரில் ஒப்பிட்டபோது, பிஸ் குழுவில் இருவருக்கும் வெளிமூச்சு அளவுக் குழுவில் இருவருக்கும் உறுதியான விழிப்பு நேர்ந்தது. 2011-இல் விழிப்புக்கு வாய்ப்பு அதிகமுள்ள சுமார் 6,000 பேரில் மறுபடி சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு பிஸ். மற்றொன்றுக்கு, வயதுக்கேற்பத் திருத்திய மேக் 0.7-க்குக் கீழோ 1.3-க்கு மேலோ போனால் ஒலிக்கும் எச்சரிக்கை. பிஸ் குழுவில் ஏழு பேர், வெளிமூச்சுக் குழுவில் இருவர். பிஸ் மேலானது என்று நிறுவ முடியவில்லை. 2015-இல் ஆஸ்திரேலியாவில் பத்துத் தன்னார்வலர்கள் மயக்க மருந்து ஏதுமின்றி, முழு விழிப்போடு, தசைத் தளர்த்தி மட்டும் போட்டுக்கொண்டார்கள். கருவி அவர்களை 60-க்குக் கீழே, ஆழ்ந்து மயங்கியவர்களின் வரிசையில் காட்டியது. முதியவர்களிடம் பிழை எதிர்த்திசையில் போகிறது. 2019-இல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வில், மருத்துவர்கள் வயதோடு வாயுவைக் குறைப்பது பத்து ஆண்டுக்குச் சுமார் 3 விழுக்காடுதான், அதாவது குறைக்க வேண்டியதில் பாதி. ஆக முதியவர்கள் தங்கள் வயதுக்குக் கூடுதலாகவே வாயு பெற்றுக்கொண்டிருந்தார்கள். பிஸ் எண்ணோ அவர்களிடம் உயர்ந்து, இலேசான மயக்கம் என்று காட்டியது. வயதான மூளையின் அலைகள் சிறுத்துப்போவதை அந்தக் கருவியின் கணக்கு உள்வாங்கிக்கொள்ளவில்லை. எண்ணை நம்பி வாயுவைக் கூட்டுபவர் ஏற்கெனவே அதிகம் பெற்றவருக்கு இன்னும் கொடுக்கிறார். புரோபோஃபாலை நரம்பிலேயே செலுத்தி மயக்கும் முறையில் வெளிமூச்சால் பயனில்லை என்பதால் அங்கே மூளையலைக் கருவிக்குத் தனி மதிப்பு உண்டு. வாயு மயக்கத்தில் அந்த மதிப்பு அதே அளவில் இல்லை.

கடைசி எதிர்ப்புதான் நேர்மையான பதிலைக் கோருகிறது. முதியவருக்குச் சற்று ஆழமாகப் போனால்தான் என்ன கெட்டுவிடும்? 2019-இல் லான்செட்டில் வந்த ‘பேலன்ஸ்டு’ ஆய்வில் 60 வயதைக் கடந்த 6,600-க்கும் மேற்பட்டவர்களை இலேசான மயக்கம், ஆழமான மயக்கம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். வயதுக்குத் திருத்திய மேக் ஒரு குழுவில் 0.62, மற்றதில் 0.88. ஓராண்டில் இறந்தவர்கள் முறையே 6.5, 7.2 விழுக்காடு, புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. ஆழமான மயக்கம் முதியவர்களைக் கொல்கிறது என்று மேடையில் சொல்வோர் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். அறுவைக்குப் பின் வரும் சித்தக்கலக்கத்தைப் பொறுத்தவரை சான்றுகள் முரண்படுகின்றன: அதே ஆய்வின் ஒரு பகுதியில் இலேசான குழுவில் 19 விழுக்காடு, ஆழமான குழுவில் 28, ஆனால் அதே 2019-இல் வெளியான ‘எங்கேஜஸ்’ என்ற ஆய்வில், மூளையலையைப் பார்த்து மயக்கத்தைக் குறைத்தும் சித்தக்கலக்கம் குறையவில்லை. என் வாதம் இறப்பு எண்ணிக்கையின் மேல் நிற்கவில்லை. பேலன்ஸ்டின் ஆழமான குழுவே 0.88-இல்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். திருத்தாத மானிட்டரை நம்பி 1.3 வரை போகும் மூதாட்டி அந்த ஆய்வின் எல்லைக்கே வெளியே, 1.6-இல் இருக்கிறார். அங்கே பாதுகாப்பு என்று சொல்ல அந்த ஆய்வில் எதுவும் இல்லை. மறுகோடியில் இளைஞர் இருக்கிறார். அவருக்கு நேரக்கூடிய விழிப்பை எந்த முதியோர் ஆய்வும் எண்ணாது.

முதியவர்களில் பலருக்கு முதுகில் ஊசி போட்டே அறுவை நடந்துவிடுகிறது, அது நல்லதே. ஆனால் லேப்ராஸ்கோப்பி, குடல் அறுவை போன்றவற்றுக்கு முழு மயக்கம் தேவைப்படுகிறது, அப்போது நம் சிற்றூர்களின் நடைமுறை ஒன்று குறுக்கே வருகிறது. இங்கே பல மயக்க மருத்துவர்கள் ஒரே மருத்துவமனையில் இருப்பதில்லை. அழைப்புக்கு ஏற்பக் காவிரிப் பாலத்துக்கு இக்கரையும் அக்கரையுமாகப் போய்வருகிறார்கள். ஒவ்வொரு தியேட்டரிலும் வேறு வேறு இயந்திரம். ஒன்று வயதைக் கேட்டு மேக்கைத் திருத்தும், இன்னொன்று கேட்காது, வேறொன்றில் வயதைத் தட்டாவிட்டால் 40 என்று தானே வைத்துக்கொள்ளும். காலையில் ஓரிடத்தில் பார்த்த 1.0-உம் மாலையில் இன்னோர் இடத்தில் பார்த்த 1.0-உம் ஒரே பொருளைச் சொல்வதில்லை; திரையைப் பார்த்து அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. இதற்குப் புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. 2003-இல் நிக்கல்ஸும் மேப்பிள்சனும் வெளியிட்ட வரைபடங்களில் வயது ஓர் அச்சிலும் வெளிமூச்சு விழுக்காடு மற்றோர் அச்சிலும் இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு சேர்ந்தால் எவ்வளவு என்பதற்கும் கோடுகள் உண்டு. ஒரு தாளில் அச்சிட்டு வேப்பரைசரின் பக்கத்தில் ஒட்டினால் போதும். வாயு அளவி இல்லாத தியேட்டரிலும் அது உதவும்: ஓட்டத்தைக் கூட்டி வைத்து, போதிய நேரம் கழிந்தபின், திருகின் எண் வெளிமூச்சின் எண்ணை நெருங்கிவரும், அப்போது எந்த விழுக்காட்டை நாட வேண்டும் என்று வரைபடம் சொல்லும்.

ஒரு வயதுக்குக் கீழே இந்தக் கோடு செல்லாது. அங்கே போக்கே வேறு. ஐசோஃப்ளூரேனில் நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த முதல் மாதத்தில் 1.6 விழுக்காடு, ஒன்று முதல் ஆறு மாதத்தில் 1.87, குறைமாதக் குழந்தைக்கு அதைவிட நன்றாகவே குறைவு. செவோஃப்ளூரேனோ பிறந்த குழந்தைக்கு 3.3-இல் தொடங்கி அரை ஆண்டு வரை ஏறக்குறைய அங்கேயே நின்று பிறகு 2.5-க்கு இறங்குகிறது. பெரியவர்களில் எல்லா மருந்தையும் ஒன்றாக இறக்கிய விதி கைக்குழந்தைகளில் மருந்துக்கு மருந்து மாறுகிறது. ஆகவே அவர்களுக்கு மானிட்டரின் திருத்தத்தை நம்பாமல் தனி அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சுவது நம் ஊருக்கே உரிய ஐயம்: வயதே சரியாகத் தெரியாதே? ஆதாரில் ஜனவரி 1 என்று பிறந்தநாள் பதிந்த முதியவர்கள் இங்கே ஏராளம். குத்துமதிப்பாகச் சொன்ன வயதை யாரோ கணினியில் ஏற்றியிருப்பார்கள். கேஸ் ஷீட்டில் ஒரு வயது, காப்பீட்டு அட்டையில் இன்னொன்று, மகன் சொல்வது மூன்றாவதாக இருக்கும். சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் இதில் கவலைப்பட அதிகமில்லை. ஐந்து ஆண்டுத் தவறு மேக்கை 3 விழுக்காடு மாற்றும். 70 என்று போட்டால் செவோஃப்ளூரேனில் 1.49, 80 என்று போட்டால் 1.41, இந்த வித்தியாசம் வாயு அளவியின் சொந்தப் பிழை வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். மூத்த மகளின் வயதைக் கேட்டு இருபதைக் கூட்டிப் போட்டாலும் கணக்கு கெடாது. வயதுக் கட்டத்தை வெறுமையாக விட்டு இயந்திரம் 40 என்று எடுத்துக்கொண்டால் மட்டும் 80 வயது மூதாட்டிக்கு 1.41-க்குப் பதிலாக 1.8 ஒரு மேக்காகிவிடும். அந்த 0.4 விழுக்காடு எந்தக் கருவியின் பிழை வரம்பிலும் அடங்காது.